பெயின்ற் வாளியில் நட்ட வெயில்

ஜூலை 2, வெள்ளி

விடிந்ததிலிருந்து சோளகக் காற்று. முற்றத்து மணல் எல்லாம் சோற்றுப் பானைக்குள். சோலார் பூட்டித் தருகிற பாஸ் வருகிறார் என்று இரண்டு தரம் கூட்டினேன், இரண்டு தரமும் வீண்.

வந்தார். சிலாபத்து ஆள், சிங்களவர், தமிழ் நன்றாகக் கதைக்கிறார். ஒரு பெனல், ஒரு பெற்றரி, மூன்று பல்ப். அதில் ஒன்று என் தையல் மெஷினுக்கு மேலே. நோன்புக்கு முன் வெளிச்சம் வந்துவிடும். விடியமுன் தின்னும் ஸஹர் சோற்றில் இனி மண்ணெண்ணெய் மணக்காது.

பாஸ் ஏணியில் ஏறிக் கூரைத் தகரத்தைத் தட்டிப் பார்த்தார். "இது தாங்காது. ஒரு ஆணி இல்ல, எல்லாம் கம்பியால கட்டி இருக்கு. ஏன் அப்பிடி?"

என் வீட்டுக்காரர் கீழே நின்று: "ஆணி அடிச்சா தகரத்தில ஓட்டை. ஊருக்குக் கொண்டு போகேக்க உதவாது."

"எந்த ஊர்?"

"மன்னார்."

தொண்ணூறில் இயக்கம் எங்கள் முஸ்லிம் ஆட்களை அங்கிருந்து வெளியேற்றியபோது எனக்கு ஒன்பது வயது. இவர் மீசை முளைத்த இளந்தாரி. அன்றிலிருந்து இந்த மாம்புரி மணல்தான். இருந்தும் யார் கேட்டாலும் இவர் வாயில் மன்னார்.

கூரை சரிவராது. முற்றத்தில் இரும்புக் கம்பம் நட்டு அதன் தலையில் பெனல். பாஸ் காலால் இடத்தைக் கீறிக் காட்டினார். "ரெண்டடி தோண்டி சீமெந்து போடுங்க. நாளைக்கு வந்து பூட்டித் தாறேன்." இவர் தலையை ஆட்டினார். ஜும்ஆ முடிந்து வந்து, ஒரு பெரிய பெயின்ற் வாளியில் கம்பத்தை நிறுத்தி, சீமெந்தைக் குழைத்து அதற்குள் ஊற்றிவிட்டார். குழி இல்லை. வாளியோடு தூக்கி லொறியில் ஏற்றலாமாம்.

நான் மூன்றாம் தரம் முற்றத்தைக் கூட்டினேன்.

ஜூலை 3, சனி

பாஸ் வாளியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "அனே" என்று சிங்களத்தில் ஓர் ஐயோ மட்டும் சொன்னார். பூட்டிக் கொடுத்தார்.

பொழுதுபட்டு, மஃரிப் தொழுகைக்குப் பிறகு சுவிட்சைப் போட்டோம். மகள் ஸஹ்ரா கைதட்டினாள். அலுமாரிக்குப் பின்னால் இத்தனை சிலந்தியா. பகல் முழுக்க முற்றத்தில் கிடந்த வெயில் இப்போது என் கையில், ஊசியில், நூலில். வேலை ஒன்றும் செய்யாமல் அதற்குக் கீழே சும்மா இருந்தேன்.

பக்கத்து வீட்டு ரீட்டா அக்கா வேலிக்கு மேலால்: "என்ன தங்கச்சி, பூச்சட்டியில வெயில் வளக்கிறீங்களா?"

சிரித்தேன். பிறகு அடுப்படிக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன்.

ஜூலை 5, திங்கள்

வீட்டில் கழற்றக்கூடியவை: தகரம். கதவு. யன்னல் சட்டம். அலுமாரி (முழுதாகப் பூட்டவே இல்லை, பின்பலகை இன்னும் கட்டிலுக்குக் கீழே). இப்போது வெயிலும்.

கழற்ற முடியாதவை: கிணறு. நான் வைத்த முருங்கை. பள்ளிவாசலுக்குப் பின்னால் உம்மாவை அடக்கிய கபுறு.

வாசலில் கதிரையைப் போட்டால் பெனலின் கண்ணாடி தெரிகிறது. மேகம் ஒன்று அதற்குள் வந்து, அவசரமில்லாமல் போய், மற்ற விளிம்பால் வெளியேறியது. அடுத்ததற்குக் காத்திருந்தேன். ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக் கையாக வெட்டிவிட்டேன். ஒன்றைத் திரும்ப வெட்ட வேண்டும். துணி போதுமா தெரியாது.

பகல் கண்ணயர்ந்தபோது கனவு. வீடு மெல்ல நகர்கிறது. வாளிக் கம்பம்தான் பாய்மரம். உப்பளங்களைத் தாண்டி வடக்கே போகிறது. முருங்கை மட்டும் அங்கேயே நிற்கிறது. இவர் முன்னால், முதுகு மட்டும் தெரிகிறது. கூப்பிடுகிறேன், காற்று.

எழும்பினால் வாயெல்லாம் மணல்.

ஜூலை 7, புதன்

இவருடைய நானா, கூடப்பிறந்த மூத்தவர், போன். அவர் போன வருடமே மன்னாருக்குத் திரும்பிவிட்டவர். "உன்ட காணியையும் துப்புரவாக்கிட்டேன், வந்து பாரு." இவர் நாளை பஸ் ஏறுகிறார். பார்த்துவிட்டு வந்து குடிபோக நாள் குறிப்பார். எனக்குத் தெரியும்.

கேட்டே விட்டேன். "நான் வரல்ல எண்டா?"

"வராம எங்க போகப் போறீங்க?" கோபம் இல்லை. உண்மையில் விளங்கவில்லை அவருக்கு.

எனக்கு அந்த ஊரில் ஞாபகம் இருப்பது ஒரு கிணற்றுக்கட்டு. வெயிலில் கால் சுட்டது. அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு எப்படிப் போய் வாழ்வது? எனக்கு இங்கே இருக்க வேண்டும்.

ஜூலை 9, வெள்ளி

முருங்கைக்காய்க் கறி, பருப்பு. இரு கையும் வலக் கையான சட்டை சரி வந்தது, கொஞ்சம் இறுக்கம்.

பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் றோட்டில் திரிகிற கழுதை ஒன்று முற்றத்துக்குள். கம்பத்தில் முதுகைத் தேய்த்தது, கண்ணை மூடிக்கொண்டு, நல்ல சுகமாக. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். வாளி சரிந்தது. பெனல் முகம் குப்புற மணலில். அல்ஹம்துலில்லாஹ், உடையவில்லை. கழுதை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் போனது.

ரீட்டா அக்காவும் நானும் தூக்கி நிமிர்த்தி, கம்பத்தை முருங்கையோடு கயிற்றால் கட்டினோம்.

"குழியில நட்டிருந்தா கழுதை என்ன, புயலும் அசைக்காது."

"அவர் வரட்டும் அக்கா."

"வந்து?"

கயிற்று முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினேன்.

ஜூலை 11, ஞாயிறு

நேற்றுப் பின்னேரம் வந்தார். காணி நல்லம், நானா வேலியும் அடைத்திருக்கிறாராம். வேறு கதை இல்லை. சாப்பிட்டார். கை கழுவ எழும்பியவர் திரும்ப உட்கார்ந்தார்.

"அங்க தேத்தண்ணிக் கடையில ஒராள் கேட்டாரு, எந்த ஊர் நீங்க எண்டு."

"என்ன சொன்னீங்க?"

"மாம்புரி எண்டுட்டேன். வாயில அதுதான் வந்திச்சி."

பீங்கானைத் தள்ளி வைத்தார். "நானா பக்கத்திலதான் இருந்தாரு. தேத்தண்ணிய ஊதிக்கொண்டே இருந்தாரு."

எனக்குச் சந்தோஷம். இங்கே எழுதலாம்தானே. ஆனால் அவர் முகத்தைப் பார்த்த பிறகு அந்தச் சந்தோஷத்தோடு அவருக்கு முன்னால் இருக்க முடியவில்லை. கழுதைக் கதையைச் சொன்னேன், சிரிப்பார் என்று. தலையைக் குனிந்து கேட்டார்.

இன்று காற்று குறைவு. சுபஹுத் தொழுகைக்குப் பிறகு தேத்தண்ணியோடு வெளியே வந்தால், வாளியைக் கிழித்து எறிந்திருக்கிறார். கம்பம் சீமெந்துக் கட்டியோடு முருங்கையில் சாய்ந்து நிற்கிறது. பாஸ் கீறிய இடத்தில் குழி. அலவாங்கும் மண்வெட்டியும்.

"ரெண்டடி போதும் எண்டுதானே பாஸ் சொன்னாரு."

"ம்."

இடுப்பளவு இறங்கிவிட்டார். ஈர மணல் வரத் தொடங்கிவிட்டது. தேத்தண்ணி ஆறுகிறது. இன்னும் தோண்டுகிறார்.