வளையவால் வேடம்

பெப்ரவரி 8, 2009, ஞாயிறு

கோலியர்ஸ் வுட் மண்டபத்தில் ஒரு பிறந்தநாள். அண்மையில் வந்த ஒரு கார்ட்டூன் படத்தால் பிள்ளைகளுக்கெல்லாம் இப்போது லெமூர் பைத்தியம்; மடகாஸ்கர்த் தீவில் வாழும் குரங்கு மாதிரிச் சீவன். பிறந்தநாள்களில் போட்டு ஆடுகிற கரடி உடுப்பை மடித்து வைத்துவிட்டேன். கறுப்பு வெள்ளை வளையம் போட்ட வாலோடு ஆடினால்தான் இனி மதிப்பு. கிழமை நாளில் வான் ஓட்டுகிற சற்குணம், சனி ஞாயிறில் வால் ஆட்டுகிற சற்குணம்! உடுப்புக்குள் நிற்கும்போது நான் வாய் திறப்பதில்லை. லெமூர் யாழ்ப்பாணத் தமிழ் கதைத்தால் பிள்ளைகளிடம் குட்டு வெளிப்பட்டுவிடும். என்ன கேட்டாலும் தலையாட்டுவேன்.

பிறந்தநாள்காரன் யனுஷனின் தகப்பன் கேட்டார்: "அண்ணை, அடுத்த வருசம் உயிரோட ஒண்டு கொண்டுவர ஏலாதோ?" விசாரிக்கிறேன் என்றேன். வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னால், மகள் கோசிகா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டாள். விலங்கியல் படிக்கிறவள், இரண்டாம் வருடம்.

"படத்தைப் பாத்திட்டு எல்லாரும் வீட்டில வளக்கக் கேக்கினம் அப்பா. அது கூட்டமா வாழுற சீவன். தனிய வச்சா விசர் பிடிச்சுப்போகும். காட்டிலயும் வரவரக் குறையுது. விளங்குதா?"

விளங்கியது. "சரி, சாப்பிடு" என்று மட்டும் சொன்னேன்.

பெப்ரவரி 21, சனி

என் லெமூருக்குக் கண் நீலமாம். பிழையாம். தேன் நிறம் வேண்டுமாம். கோசிகாவே தூரிகையோடு இருந்து பூசித் தந்தாள். பூசிக்கொண்டே பாடமும் நடந்தது: இவை ஆடுவதில்லை. காலையில் வயிற்றைக் காட்டி வெயில் காய்கின்றன. கூட்டத்தை நடத்துவது பெண்தான், ஆண் கடைசியாகத்தான் சாப்பிடும்.

"அதுகளுக்காவது புத்தி இருக்கே," என்றாள் ஜெயகௌரி. என் மனைவிக்கு இப்படியொரு சந்தர்ப்பம் கிடைத்தால் விடுவாளா? இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு! நானும் சிரித்தேன்.

மார்ச் 18, புதன்

ஒழுங்கா எழுத வருதில்லை.

ஜூலையில் மடகாஸ்கருக்குப் போகிற மாணவர் குழுவில் கோசிகாவையும் எடுத்திருக்கிறார்களாம். தெற்குக் காட்டில் இரண்டு மாதம் லெமூர்களை எண்ண வேணுமாம். தொலைக்காட்சியில் அதே மடகாஸ்கர். நேற்று அங்கே ஆட்சி கவிழ்ந்து, றோட்டெல்லாம் ஆமி. அதுக்கு முன்னால நிண்டுகொண்டு சொல்லுறாள், "அப்பா, நான் போறன்."

போறனாம்! செத்தவீட்டில மட்டும்தான் வாறன் எண்டு சொல்லாமப் போறது. இங்கே பிறந்த பிள்ளைக்கு அது எங்கே தெரியும்? கத்தினேன். "ஆமிக்காரனுக்குப் பயந்து ஓடிவந்தவன்ர பிள்ளை, ஆமிக்காரன் நிக்கிற இடத்துக்குப் போறதோ? ஏலாது!"

அவள் திருப்பிக் கத்தவில்லை. "நீங்க ஓம் எண்டாத்தான் போவன். ஜூன் முடியிறதுக்குள்ள சொல்லுங்கோ." அறையைச் சாத்திவிட்டாள்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். இப்படிச் சொன்னால் நான் என்ன செய்ய?

மார்ச் 22, ஞாயிறு

டூட்டிங்கில் சண்முகராசாவின் கடைக்கு மகளோடு மீன் வாங்கப் போனேன். அவருக்கு விசயம் எப்படியோ தெரிந்திருக்கிறது. "விடு சற்குணம். லெமூரியா எங்கட பூர்வீகமெல்லோ. பிள்ளை தாய்நாட்டுக்கெல்லோ போகுது!"

கோசிகா சிரித்தாள். "மாமா, லெமூர் எலும்பு இந்தியாவிலயும் மடகாஸ்கரிலயும் கிடக்கெண்டு, நடுவில ஒரு கண்டம் கடலுக்குள்ள தாண்டு போச்சு எண்டு வெள்ளைக்காரன் ஒருத்தன் வச்ச பேர் அது. பிறகு அந்தக் கதையை விஞ்ஞானிகளே விட்டிட்டினம்."

சண்முகராசாவின் முகம் விழுந்துவிட்டது. பாவம். விளைமீனை நிறுத்தபடியே சொன்னார், "எண்டாலும் பேர் எங்களிட்டத்தான் இருக்கு, பிள்ளை."

ஏப்ரல் 11, சனி

வெஸ்ட்மின்ஸ்டரில், பாராளுமன்றத்துக்கு முன்னால், வன்னிப் போரை நிறுத்தச் சொல்லிச் சனம் சனமாக நின்றோம். வன்னிக்குள் அகப்பட்ட என் தங்கச்சி அருள்மலரைப் பற்றி இன்னும் ஒரு சொல் இல்லை. கோசிகா நாள் முழுக்கப் பக்கத்தில் நின்றாள். குளிர் என்று தன் கழுத்துச் சால்வையை எனக்குச் சுற்றிவிட்டாள். பயணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். கேட்காதது நெஞ்சை அறுக்குது.

மே 19, செவ்வாய்

வன்னியில் எல்லாம் முடிந்ததாம், அருள்மலர் எங்கே என்று தெரியாது. ஒன்றும் எழுத ஏலாது.

ஜூன் 14, ஞாயிறு

அருள்மலர் உயிரோடு இருக்கிறாள்! முகாமில். வேறொருவர் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். கோசிகா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மாமி இருக்கிறா அப்பா, மாமி இருக்கிறா" என்று திருப்பித் திருப்பிச் சொன்னாள். நான் அழுதேன், வெட்கமில்லை.

ஒருத்தியை நினைத்துப் பயந்த பயத்தை மற்றவளின் தலையில் கட்டினேனோ?

ஜூன் 20, சனி

டூட்டிங் மண்டபத்தில் ஆட்டம். வாலில் தையல் விட்டதால் கோசிகாவும் ஊசி நூலோடு வந்தாள். பாட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, பிள்ளைகள் என் கையைப் பிடித்துத் தொங்குகிறார்கள். பின்னால் தைத்து முடித்து எழும்பி, அந்தப் பெரிய தலையின் காதுப்பக்கம் வாயை வைத்துக் கேட்டாள்:

"அப்பா, நான் போட்டு வரட்டே?"

தாய் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். கள்ளிகள்! போறன் இல்லை, போய்விட்டு வரட்டுமாம். இப்படிக் கேட்கிற பிள்ளையை எப்படி மறிப்பது? உடுப்புக்குள் வாய் திறக்க ஏலாது. தலையை ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே நின்றேன். பிள்ளைகள் இது புது ஆட்டம் என்று நினைத்து எல்லாரும் தலையாட்டினார்கள். கண்ணீர் மூக்கில் வழிகிறது, துடைக்கவும் வழியில்லை.

ஜூலை 19, ஞாயிறு

ஹீத்ரோ. போயிட்டாள். வீடு வெறிச்சோடிக் கிடக்கு.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

பார்க்கிங் என்கிற ஊரில் ஒரு பிறந்தநாள். அங்கேயும் உயிர் லெமூர் கேட்டார்கள். தலையைக் கழற்றி வைத்துவிட்டு, "கூட்டமில்லாம அது வாழாது தம்பி" என்று தொடங்கினேன். கேக் வெட்டும்வரை நான் விட்டபாடில்லை. அடுத்த வருசம் என்னைக் கூப்பிடுவார்களோ தெரியாது.

செப்டெம்பர் 13, ஞாயிறு

மகளின் அழைப்பு. லைன் விட்டு விட்டுத்தான் கேட்டது. கரி சுடுவதற்குக் காட்டை வெட்டுகிறார்களாம், போன வருடம் எண்ணியதைவிட இந்த முறை குறைவாம். சொல்லும்போது குரல் உடைந்தது. பிறகு, தாயின் வயிற்றைப் பிடித்துத் தொங்குகிற குட்டியொன்றைக் கண்டதைச் சொல்லிச் சிரித்தாள்.

"அப்பா, ஒரு விசயம் கேக்கோணும். குட்டியள் இப்பதான் பிறக்குது, எண்ணி முடியேல்லை. யூனிவர்சிற்றியும் சம்மதம். அதாலை நான் இன்னும் கொஞ்சக் காலம்..."

"ஓம்," என்றேன்.

ஜெயகௌரி திரும்பி என்னைப் பார்த்தாள். எவ்வளவு காலம் என்று அதற்குப் பிறகுதான் கேட்டேன்.

ஆறு மாதமாம்.