லாரி நின்ற பக்கம்

நூம்பல்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள கலைவாணிக்கு,

இங்கு நலம். நீயும் மாப்பிள்ளையும் புனேயில் நலமென்று நம்புகிறேன். சனிக்கிழமையிலிருந்து மூன்று முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அதனால் கூரியரில் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன் நீ இதைப் படித்தாக வேண்டும்.

உன் படப் புத்தகத்தைப் பார்த்துக் கருத்துச் சொல் என்று கேட்டாய். சிவப்புப் பென்சிலால் முப்பத்தொரு இடத்தில் கோடு போட்டு அனுப்பினேன். நீ எழுதிய பதில் ஒரே வரி: 'சரிம்மா, வெள்ளிக்கிழமை பதிப்பகத்துல வேண்டாம்னு சொல்லிடறேன், இனிமே எழுதவும் மாட்டேன்.' திருத்தத்தானே சொன்னேன், நிறுத்தவா சொன்னேன் என்று முதலில் கோபம்தான் வந்தது. நான் படித்த கான்வென்டில் மதர் என் கட்டுரையை வகுப்பின் முன் கிழித்திருக்கிறார். மறுநாளே நான் புதிதாக எழுதிக்கொண்டு போனேன்.

ஆனாலும் உட்கார முடியவில்லை. துவைத்த புடவையையே மறுபடி ஊறவைத்தேன். விசிலை எண்ண மறந்து பருப்பு கரைந்துபோனது. என் தீர்ப்பு சரிதான் என்று நிரூபித்துவிட்டால் நிம்மதி என்று தோன்றியது. நேற்று தாள்களை எடுத்துக்கொண்டு நாகவல்லி குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அங்கன்வாடிக்குப் போனேன்.

அவள் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். 'இன்னா மேடம், இன்ஸ்பெக்‌ஷனா?' என்று சிரித்தாள். பதினெட்டுக் குழந்தைகள். இரண்டு பக்கத்திலேயே எழுந்து ஓடுவார்கள், அதுவே எனக்குச் சாட்சி என்று நினைத்தேன்.

செம்பரம்பாக்கம் ஏரிக்குக் குளிக்கக் கிளம்பிய உன் எருமை பைபாஸைக் கடக்கும் இடம். 'பஸ்ஸும் நின்றது, லாரியும் நின்றது, நடு ரோட்டில் எருமை புல்லைத்' என்று ஒரு பக்கம் முடிகிறது. 'தின்றது' அடுத்த பக்கத்தில் தனியாக இருக்கிறது. வரியை ஏன் தொங்கவிட்டாய், ஒழுங்காக முடி என்று நான் மிகவும் தடித்த கோடு போட்டது அங்கேதான். ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கமாக அச்செடுத்து, எல்லாத் தாளையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துக் கண்ணால் படித்தவள் நான். லாரி நிற்கும்போதே எருமை மென்றுகொண்டிருப்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

அங்கே ஒவ்வொரு தாளாகத் தூக்கிக் காட்டிப் படித்தேன். சரியாக அந்த இடத்தில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டது. நான் விரலை நனைத்துப் பிரிப்பதற்குள் கிஷோர் என்ற வாண்டு முட்டி போட்டு எழுந்து, 'துன்னுச்சு!' என்று கத்தினான். பிறகு பதினெட்டும் கத்தின. தாளை எடுத்தேன். எருமையின் வாய் நிறையப் புல். தாங்களே ஊட்டிவிட்டதுபோல் கைதட்டினார்கள். அடுத்த பக்கத்தில், அவர்களே சொல்லட்டும் என்று நான் வேண்டுமென்றே நிறுத்தினேன்.

'இன்னொரு தபா' என்று மூன்று முறை படிக்கவைத்தார்கள். தட்டு வைத்தும் எழவில்லை. நாகவல்லி வாசல் வரை வந்து, 'இனிமே உங்க பேரு எருமை டீச்சர்தான், கோச்சிக்காதீங்கம்மா' என்றாள். எனக்கு யாரும் பட்டப்பெயர் வைத்ததில்லை. வைத்திருந்தாலும் என் காதில் விழும்படி சொல்ல யாருக்கும் துணிச்சல் இருந்ததில்லை.

கலை, ஏழாவது படிக்கும்போது மழையைப் பற்றி நான்கு வரி எழுதினாய். அப்பா அதை உரக்கப் படித்தார். நான் வாங்கிப் பார்த்து இரண்டு பிழை திருத்திக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எழுதியதையெல்லாம் அவரிடம்தான் காட்டினாய். இப்போது அவர் இல்லை. முப்பது வருடம் கழித்து என்னிடம் காட்டியிருக்கிறாய். நேற்று பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் இது எனக்கு உறைத்தது. பஸ்ஸைக்கூட விட்டுவிட்டேன்.

கோடுகளை அழித்துவிடு. பதினேழாம் பக்கத்தை மட்டும் விடமாட்டேன். 'ஏரி காலி, எருமை ஜாலி'. ரைம் வேண்டுமென்று அந்த ஜாலியைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாய். ஏரி காலியாக இருந்தால் எருமைக்கு என்ன ஜாலி? குழந்தைகளும் அங்கேதான் மூக்கைக் குடைந்தார்கள். மாற்று. மாற்ற மாட்டேன் என்றால் போன் செய்து என்னோடு சண்டை போடு, எத்தனை மணியானாலும் எடுப்பேன். வெள்ளிக்கிழமை அவர்களிடம் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

நன்றாக இரு. எழுதிக்கொண்டே இரு.

உன் அம்மா,
வசந்தா