செவந்த பொடி

12.3.2004, வெள்ளி

கைதட்டலுக்கு ஆசைப்பட்டுக் கெட்டேன்.

மீன்சுருட்டி தாண்டி ஒரு ஊர். பாதரசம் பட்டா செவக்குற மாதிரி காலேஜ் லேபுல நான் செஞ்ச மஞ்சள் நிறப் பொடியை அந்த ஊர்க் கிணத்துத் தண்ணியில போட்டேன். ரெண்டே நிமிஷத்துல செவந்துடுச்சு. பாதரசம் இருக்கு. அதோட கிளம்பியிருக்கணும். பொடி பாதரசத்தைப் புடிச்சு வெச்சுக்கும்னு காட்ட ஆசை. செவந்த பொடியை வடிகட்டி எடுத்துட்டு, அந்தத் தண்ணியில புதுப் பொடியைப் போட்டேன். மஞ்சளாவே இருந்துச்சு. ஊரே கைதட்டுச்சு. அந்தப் பூரிப்புல, ஆய்வுக்கு வந்த அதிகாரி நீட்டுன சீட்டுல எதுக்குன்னு கேக்காம கையெழுத்துப் போட்டேன்.

அந்தச் சீட்டை, கிணத்துத் தண்ணின்னு சொல்லி, வடிகட்டுன தண்ணி இருந்த பாட்டில்ல ஒட்டிட்டார்.

"சார், அது வடிகட்டுன தண்ணி!"

"இந்தக் கிணத்துத் தண்ணிதானே மேடம்? எதுக்கு ஊரைப் பயமுறுத்துறீங்க?"

பாட்டிலோட ஜீப் போயிடுச்சு.

குடத்தோட நின்ன அந்த ஊர்ப் பொண்ணு செல்வி, "நீங்களே கையெழுத்துப் போட்டுட்டீங்க, இனிமே பயமில்லாம குடிக்கலாம்ங்க டீச்சர்"னுச்சு. குடிக்காதம்மான்னு சொன்னேன். நான் ஏதோ அடக்கமா பேசுறேன்னு நெனச்சு சிரிச்சுச்சு. வாளியைக் கிணத்துல எறக்குச்சு.

செவந்த பொடி என் கைப்பையிலதான் இருக்கு. அதுல யார் கையெழுத்தும் இல்ல.