ஒரு தீக்குச்சி இடம்

அப்பா,

இன்று காலை நம் பொம்மை ஸ்டேஷனில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு நீலக் கீறல். நீ வெள்ளை அடித்த பிளாட்பார ஓரத்தில், கிழக்கு முனையில், சரிவு தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. ஒரு அரிசி நீளம்கூட இருக்காது. குனிந்து பார்த்தேன். ரயில் பெட்டியின் பெயின்ட். யாரோ நீளப் பெட்டி ஒன்றைக் கையால் அந்த வழியாகத் தள்ளிப் பார்த்ததில் உரசியிருக்கிறது.

சிதம்பரத்தில் சார் வீட்டு மாடி அறையில் நின்றுகொண்டிருந்தேன். நீ போன பிறகு நான் தனியாக ரயிலேறியது இன்றுதான். முதுநகரில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஒவ்வொரு பிளாட்பாரமாகப் பார்த்துக்கொண்டே போனேன். பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் நீ காட்டிய இடைவெளியைத்தான் கண் தேடியது.

சார் தன் தெருப் பிள்ளைகளையும் நண்பர்கள் சிலரையும் கூப்பிட்டிருந்தார். அவருடைய பொம்மை ரயில் ஓடும் பெரிய மேசையில் தண்டவாளம், வயல், ஓடை, வீடு எல்லாம் முடிந்து, எல்லாருக்கும் காட்டும் முதல் நாள். ஆறு நீலப் பெட்டிகளோடு ஒரு எக்ஸ்பிரஸ் நம் ஸ்டேஷனைத் தாண்டி ஓட வேண்டும். அதற்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. கீறலை நான் மட்டும்தான் பார்த்திருந்தேன். அது ஏன் வந்தது என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சாரைப் பிடித்து வந்ததே நீதான். கிள்ளைப் பக்கம் நீ லைன் பார்த்துக்கொண்டு நடந்தபோது, கேட் ஓரம் நின்று ரயிலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ரிடையர் ஆன இன்ஜினியர். வீட்டில் மேசைமேல் ரயில் விடுவதாகவும், கடையில் வாங்கும் ஸ்டேஷன் எல்லாம் பனி பெய்கிற ஊர்க் கூரையோடு வருவதாகவும், நம் ஊர் மாதிரி கையால் செய்துதர ஆள் இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் பெண் செய்வாள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாய். கிறிஸ்துமஸுக்கு நான் கட்டும் குடிலைத் தவிர நான் வேறு எதையும் கட்டியதில்லை.

"மாட்டுத் தொழுவம் கட்டினவளுக்கு ஸ்டேஷன் கட்ட வராதா?" என்றாய். அம்மா உலைக்கு அரிசி களைந்துகொண்டே சிரித்தாள்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்த சமயம் அது. ப்ளஸ் ஒன் முதல் வாரத்தில் ஒவ்வொருவராக எழுந்து பேரும் ஊரும் சொல்லச் சொன்னார்கள். என் முறை வந்தது. நின்றேன். வாய் திறக்கவில்லை. பின்பெஞ்சில் யாரோ, ஊமைப் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள் என்றாள். மூன்றாம் நாள் பஸ் ஸ்டாப் வரை போய் அப்படியே திரும்பிவிட்டேன். நீ அடிக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் கேங் வேலையில் சேர்ந்த புதிதில் உன்னைக் காவல் நிறுத்திய கதையைச் சொன்னாய். மற்றவர்கள் தண்டவாளத்தில் குனிந்து வேலை செய்வார்கள். ஒரு ஆள் மட்டும் தள்ளிப் போய்க் கொடியும் விசிலுமாக நின்று, வண்டி வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் தூரத்தில் ஏதோ வந்தது. நீ ஊதினாய். எல்லாரும் கடப்பாரையைப் போட்டுவிட்டுப் பள்ளத்தில் குதித்தார்கள். வந்தது நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர். அந்த வருஷம் முழுக்க உன் பேரே டிராக்டர்தான். "மச்சான், தள்ளி நில்லு, டிராக்டர் வருது" என்பார்களாம்.

"பாத்தா ஊதணும், பாப்பா. அது வண்டியா எருமையான்னு யோசிச்சிக்கிட்டு நிக்கக் கூடாது. தப்பா ஊதினா திட்டுவாங்க, அவ்ளோதான்."

நான் தலையாட்டினேன். உன் பேச்சுக்கு நான் அதிகம் கொடுத்தது தலையாட்டல்தான்.

வேலை என்னுடையது, அளவு உன்னுடையது என்று பிரித்துக்கொண்டோம். நீ லைனில் நடக்கும்போது எந்தக் கட்டிடம் எத்தனை ஸ்லீப்பர் கட்டை நீளம் என்று எண்ணிக்கொண்டு வருவாய். சாரின் ரயில் நிஜ ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு என்பதால், போன் கால்குலேட்டரில் எண்பத்தேழால் வகுத்துச் சொல்வாய். நான் கல்யாணப் பத்திரிகை அட்டையில் சுவர் வெட்டினேன். பல்பு டப்பாவின் உள்ளே இருக்கும் மடிப்பு அட்டை கூரை ஆனது. ஈர்க்கு தூண் ஆனது. உன் பழைய எக்ஸ்ரே படத்தைக் கழுவி ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டேன். வெளிச்சத்தில் பிடித்தால் டிக்கெட் கவுன்டர் ஜன்னலில் உன் விலா எலும்பு ஒன்று லேசாகத் தெரியும். அதை நீ எல்லாரிடமும் காட்டினாய்.

பிளாட்பாரத்தை மட்டும் என்னைத் தொட விடவில்லை. அது உன் வேலை என்றாய். சார் மாதிரிக்குக் கொடுத்த ஒரு நீளமான நீலப் பெட்டியை, ஒரு முழத் தண்டவாளத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, அட்டைமேல் அட்டையாக ஒட்டி ஓரத்தை இழைத்தாய். பெட்டிக்கும் ஓரத்துக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியைச் செருகி இழுத்துப் பார்ப்பாய்.

"ஒரு தீக்குச்சி எடம். கொறஞ்சா ஒரசும். ஜாஸ்தியானா ஏறுற கொழந்த காலு உள்ள போயிடும்."

பொம்மை ரயிலில் எந்தக் குழந்தை ஏறப் போகிறது என்று நான் கேட்கவில்லை. உன் முகம் அப்படி இருந்தது. இரண்டு முறை உனக்குத் திருப்தி இல்லாமல் பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடியும் தொடங்கினாய். அந்த நாட்களில்தான் மாடிப்படி ஏறினாலே உனக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்கு அடுத்த வாரம் போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாய்.

மூன்றாவது முறையாகப் பிளாட்பாரம் முடிந்த அன்று சாயங்காலம் நீ கடைக்குப் போயிருந்தபோது உன் போன் அடித்தது. சார்தான். ஜன்னல் பக்கம் வெளிச்சம் நன்றாக விழுகிறது, அதனால் ஸ்டேஷனை நேர் லைனிலிருந்து எடுத்து அந்த வளைவுக்கு மாற்றிவிட்டேன், லேசான வளைவுதான், அப்பாவிடம் சொல்லிவிடு என்றார். சரி சார் என்றேன்.

நீ திரும்பி வந்ததும் சொல்லத்தான் வாசலுக்கு வந்தேன். நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய், பிளாட்பாரத்தைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்து, தண்டவாளத்தில் குனிந்து பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாய். நூல் பிடித்த மாதிரி இருக்கிறதா என்று கேட்டாய். உன் நெற்றி முழுக்க வேர்வை. வளைவு என்று சொன்னால் நாலாவது முறை தொடங்குவாய். எனக்குத் தெரியும். வளைவில் நீளப் பெட்டியின் வயிறு உள்பக்கம் தள்ளும், அதற்குக் கூடுதலாக இடம் விட வேண்டும் என்று எனக்குச் சொன்னதே நீதான்.

தலையாட்டினேன். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காலையில் நீ சீக்கிரம் கிளம்பிவிட்டாய். அடுத்த நாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் லைன் ஓரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்று உன் ஆட்கள் வந்து சொன்னார்கள்.

சார் துக்கத்துக்கு வந்தபோதே ஸ்டேஷனை ஒரு டப்பாவில் வைத்துப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார். வளைவு ஓரத்தில் அவரே ஒட்டினார். சின்ன வேகன்கள் இரண்டை ஓட்டிப் பார்த்தாராம், நன்றாகப் போனதாம். அம்மாவிடம் போனில் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. நீ இல்லாத வீட்டில் உன் வேலையில் குறை என்று எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன். அது உன் குறை இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இன்று அந்தக் கால் மணி நேரமும் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் டிக்கெட் ஜன்னலில் எலும்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சார் ஒவ்வொரு பெட்டியாக எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றுக்கும் இப்போது சொல்லலாம் என்று நினைத்தேன். ஆறாவதையும் வைத்துவிட்டார்.

வண்டி கிளம்பியது. ஓடைப் பாலம் தாண்டியது. கேட் தாண்டியது. ஜன்னல் பக்கம் திரும்பி, வளைவில் மெதுவாக நம் ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. நான் கிழக்கு முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ஜின் தாண்டிவிட்டது. முதல் பெட்டி கிர்ரென்று இழுத்தது. இரண்டாவது பெட்டி ஓரத்தில் ஏறிச் சாய்ந்தது. சார் சட்டென்று ஸ்விட்சை அணைத்தார்.

சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது.

"வளைவுன்னு முன்னாடியே சொல்லி அனுப்பினேன். எடம் விட மறந்துட்டாரு, பாவம். ஒடம்பு முடியாம செஞ்சது. விடுங்க, இந்த லைன்ல வண்டி வேணாம். ஸ்டேஷன் சும்மா பார்வைக்கு இருக்கட்டும்."

அவருடைய நண்பர் ஒருவர், தொப்பையை மேசையில் சாய்த்துக்கொண்டு நின்றவர், "கேங்மேன் கையில சுத்தியலத்தான் குடுக்கணும் சார், ஸ்கேல குடுக்கலாமா?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. ஆனால் மறுத்தும் எதுவும் சொல்லவில்லை.

வளைவுக்கு இடம் விட மறந்த டிராக்மேன். இருபது வருஷத்தில் உன்னை அப்படி ஒருவரும் சொன்னதில்லை. டிராக்டர் என்று சொன்னவர்கள்கூட.

"அப்பா மறக்கல சார்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. பிள்ளைகள் பேச ஆரம்பித்திருந்தார்கள். வகுப்பில் எழுந்து நின்ற நாள் ஞாபகம் வந்தது. மேசை ஓரத்தை விட்டுவிட்டு நிமிர்ந்து இன்னொரு முறை சொன்னேன். இந்த முறை அறை முழுக்கக் கேட்டது. என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது.

"அப்பா மறக்கல சார். நீங்க போன்ல சொன்னத நான்தான் அவருகிட்ட சொல்லல."

எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். அந்த நண்பர் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தார். சார், அப்படியென்றால் வளைவு என்பதே உன் அப்பாவுக்குத் தெரியாதா என்று கேட்டார்.

"தெரியாது சார். நேர் லைனுக்குச் செஞ்சாரு. நேர் லைனுக்கு அது சரியான அளவு."

பையைத் திறந்து, எதற்கும் இருக்கட்டும் என்று காலையில் போட்டுக்கொண்ட உன் கட்டர் கத்தியையும் இரும்பு ஸ்கேலையும் எடுத்தேன். சாய்ந்த பெட்டியை நிமிர்த்திக் கிழக்கு முனைக்கு நேரே நிறுத்தித் தரச் சொன்னேன். சார் நிறுத்தித் தந்தார். நடுவில் நீ இழைத்த ஓரத்தில் கை வைக்கவில்லை, அங்கே உன் அளவு அப்படியே சரியாக இருந்தது. வளைவு நேரான ஓரத்தை நெருங்கும் முனையில் மட்டும், பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தீக்குச்சியைச் சாய்த்து வைத்து, அதையொட்டிப் பென்சிலால் கோடு போட்டு, கத்தியை அழுத்தினேன்.