இடித்துக் கட்டிய வீடு

ஐப்பசி 9, செவ்வாய்.

ஹந்தானை கோப்பித் தோட்டத்துத் துரைக்கு நான் கட்டிய பாழ்வீடு நேற்று முடிந்தது. புதுச்சுவரை எழுப்பி, என் கையாலேயே பாதி இடிக்கச் சொன்னார். கூரையும் வேண்டாமாம்.

"பாத்தா மனசு கனக்கணும், மேஸ்திரி. அப்பதான் எனக்குக் கவிதை வரும்" என்றார்.

யாரும் குடிவராத வீட்டுக்குப் பூசை எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன்.

இன்று காலை அதன் வாசற்கல்லில் ஈரம் காயாத மாக்கோலம். சுற்றிலும் மழைச்சேறு. ஒரு காலடித் தடமும் இல்லை.

சித்தாள் மாரியாயி குனிந்து பார்த்தாள். "உள்ளேருந்து வந்து போட்டிருக்காங்க, மேஸ்திரி."

துரைக்கு ஒரே சந்தோஷம். அங்கேயே உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிட்டார்.

இப்போது மறுபடியும் மழை கொட்டுகிறது. குடிவந்தவர்களுக்கு ஒரு கூரையாவது போட்டிருக்கலாம்.