ஏழு ஊக்குகள்

கல்கத்தா, 1976 ஆகஸ்ட் 9
எப்போதெல்லாம் சொறிகிறேன் என்று எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார் காளிகாட் ஹோமியோபதி டாக்டர். சரி, எழுதுகிறேன். காலையில் இரண்டு முறை. இட்லி வார்க்கும்போது ஒரு முறை. பால்காரனிடம் பேசும்போது அடக்கிக்கொண்டேன்.

நெஞ்சின் நடுவில், ஒரு ரூபாய் அகலத்தில். சிவந்து தடிக்கும், சில நாள் நீர் கசியும், காய்ந்தால் சொரசொரவென்று ஆகும். இரண்டு வருஷமாக வருவதும் போவதுமாக இருக்கிறது.

கனவில் தண்ணீர் வருமா, இடி இடித்தால் பயமா என்றெல்லாம் கேட்டார். கடைசியில், காபி குடித்தால் மருந்து வேலை செய்யாது என்று சொல்லிவிட்டார். வாசலில் செருப்பைத் தேடும்போதே எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

ஆகஸ்ட் 11
காபி இல்லை. எழுத வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 20
கீழ்வீட்டு வங்காளி மாமி, எல்லாருக்கும் மாசிமா, படர்தாமரை என்று களிம்பு கொடுத்தாள். எரிந்த எரிச்சலில் கூடத்தை மூன்று சுற்று சுற்றினேன். இவர் கத்தரிக்காயைக் குற்றம் சொல்கிறார். பாங்கியில் இத்தனை பேருக்குக் கடன் கொடுக்கிறவர், எந்தச் சாட்சியும் இல்லாமல் கத்தரிக்காயை மட்டும் தள்ளிவைத்துவிட்டார்.

செப்டம்பர் 5
தம்பி வாஞ்சியின் மனைவி பாகீரதிக்கு வளைகாப்பு. நாத்தனார் நான்தானே, சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். திருச்சியிலிருந்து வந்திருக்கும் அவள் அம்மா நாகலக்ஷ்மி மாமி, சிரித்த முகத்தோடு அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீ சித்தே உக்காந்துக்கோயேன் சாவித்ரி, நான் பூசிடறேன்."

உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது?

அப்புறம் பாகீரதி சமையலறையில் என்னிடம் வந்து, "அக்கா, கொழந்தைக்கு ஒட்டிண்டுடுமோன்னு அம்மா பயப்படறா. தப்பா எடுத்துக்காதேங்கோ" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

எங்கள் வீட்டில் குழந்தையைத் தொட்டிலில் இடுவது அத்தைதான். அப்பா போன பிறகு வாஞ்சியைத் தூக்கி வளர்த்தவள் நான். அவன் குழந்தையைத் தூக்க எனக்குக் கொடுத்துவைக்கலையா? அழுதேன். எழுதிவிட்டேன், போதும்.

செப்டம்பர் 8
பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர். வங்காளிப் பெண்மணி, கண்ணாடி. லென்ஸ் வைத்துப் பார்த்தார். படர்தாமரை என்றால் ஓரம் வளையமாகத் தடித்து நடு தெளிந்திருக்குமாம். முழங்கை முழங்காலில் வெள்ளி மாதிரி செதில் உதிர்ந்தால் சோரியாசிஸ். எனக்கு இரண்டும் இல்லை. எதுவோ பட்டுப் பட்டு வந்த எக்ஸிமா, ஒட்டுவாரொட்டி இல்லை என்றார். கேட்டதும் அவர் காலில் விழலாம் போலிருந்தது.

ஆனால் அடுத்த வார்த்தை: "கழுத்தில் இருப்பதை ஒரு மாதம் கழற்றி வையுங்கள்."

தாலியையா? கழுத்தையே வேண்டுமானால் கழற்றி வைக்கிறேன் என்று இந்தியில் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அத்தனை பெரிய டாக்டர் முன்னால் ஊக்குக் கடை மாதிரி நிற்கக் கூசி, தாலிச்சரட்டில் எப்போதும் மாட்டியிருக்கும் ஏழு ஊக்குகளையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அவ்வளவு மரியாதையாகப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன். வந்ததும் திரும்ப மாட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 1
துர்கா பூஜை அஷ்டமி. பந்தலில் ஒரே கூட்டம். புதுப்புடவை வழுக்குகிறது என்று ஒருத்தி, கைப்பையின் வார் அறுந்தது என்று ஒருத்தி, மாசிமாவுக்கு ரவிக்கைக் கொக்கி. தெரு முழுக்க எனக்கு "ஊக்கு பௌதி", அதாவது ஊக்கு அண்ணி, என்றுதான் பெயர். ஏழும் போயின. ஒன்றும் திரும்பி வராது. எல்லாரும் அழகாக இருந்தார்கள்.

அக்டோபர் 12
மறைந்துவிட்டது. நிஜமாகவே. தடவிப் பார்த்தால் வழவழவென்று இருக்கிறது. ஹோமியோபதி உருண்டைதான் என்று இவர் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். மாசிமாவோ களிம்புதான் என்கிறாள். யாருக்கு வேண்டுமானாலும் புகழ் போகட்டும். ஒரு டம்ளர் காபி குடித்தேன். அடடா.

தீபாவளிக்குப் புடவையும் ஒரு புது அட்டை ஊக்கும் வாங்கினேன். வழக்கம்போல ஏழைச் சரட்டில் மாட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 23
வந்துவிட்டது. பழைய இடத்திலேயே. பாகீரதிக்கு அடுத்த மாதம் பிரசவம்.

அக்டோபர் 24
இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். ஊக்கு போன பின் மறைந்தது, ஊக்கு வந்த பின் வந்தது. போன வருஷம் கரியாஹாட்டில் வாங்கிய கவரிங் ஜிமிக்கியும் காதைப் புண்ணாக்கியதே. கைக்கடிகாரத்துக்கு அடியிலும் ஒரு வட்டம்.

கடவுளே, ஊக்கா?

ஏழையும் கழற்றினேன். ஒன்றை மட்டும் முழங்கையின் உட்பக்கம் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டேன். இவர், "என்ன இது?" என்றார். "கத்தரிக்காய்க்கு விடுதலை வாங்கித் தரேன், இருங்கோ" என்றேன்.

அக்டோபர் 26
பிளாஸ்திரியைப் பிரித்தேன். தோலில் சிவப்பாக ஒரு ஊக்கு. தலை, வளைவு, எல்லாம் அச்சாக. அரிப்பு உயிர் போகிறது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

நவம்பர் 3
டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கையைக் காட்டினேன். பக்கத்து அறையிலிருந்து மாணவர்களைக் கூப்பிட்டு நிறுத்தி என் கையைக் காட்டினார். ஊக்கின் பூச்சில் நிக்கல் இருக்கிறதாம், எனக்கு அது ஆகாதாம். இனி எப்போதும் ஆகாது, தள்ளியே வைக்க வேண்டும். தாலி தங்கம், அதன்மேல் குற்றமில்லை. வியர்வையில் ஊக்கு நனைந்து உரசியதுதான் வினை. "ஊக்கைத் தாலியில் மாட்டுவீர்களா? எனக்குத் தெரியவே தெரியாதே" என்று அவருக்கு ஒரே சிரிப்பு. ஒட்டாது என்பதை ஒரு சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். மாமிக்கு.

நவம்பர் 9
பெண் குழந்தை.

நவம்பர் 20
புண்யாகவாசனம், குழந்தையைத் தொட்டிலில் இடும் நாள். மாமி சீட்டை வாங்கவே இல்லை. "அதெல்லாம் எதுக்கு? நான்தான் அசடு மாதிரி பயந்துண்டு..." என்று குழந்தையைத் தன் கையாலேயே என் மடியில் வைத்தாள். ரோஜாக் குவியல். என் தாலிச்சரட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. நான் விடச் சொல்லவும் இல்லை. தொட்டிலில் இடக் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

அப்போது பாகீரதி, பழக்கத்தில், "அக்கா, துணிக்கு ஒரு ஊக்கு" என்று கை நீட்டினாள். என்னிடம் ஏது?

கூடத்தில் வாத்தியார் பக்கத்தில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்த இவரைக் காட்டினேன். பூணூலில், பீரோச் சாவிக்குப் பக்கத்தில், ஏழும் வரிசையாகத் தொங்கின. மந்திரத்தை நிறுத்தாமலே ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார்.