வாசலில் கிடந்த ஆட்டெலும்பு

அப்பா,

பூ மார்க்கெட்டுக்கு வேலைக்குப் போகிறேன். இருதய டாக்டர் சொன்ன மத்திய தரைக்கடல் நாட்டுச் சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்: கொண்டைக்கடலை, கீரை, குழம்பு மீன்.

நேற்று, “நான் என்ன ஆடா, ஆத்தா? தழையா வைக்கிறே?” என்று தட்டைத் தள்ளினீர்கள். இன்று காலை தெருநாய் கறுப்பன் நம் வாசலில் ஆட்டெலும்பு கடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பிரியாணிப் பொட்டலத்து இலை.

ஒளித்துச் சாப்பிட்டால் அளவு தெரியாதுப்பா. டாக்டர் பிரியாணியே கூடாதென்று சொல்லவில்லை, எப்போதாவது கொஞ்சம் என்றுதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து ஒரே பொட்டலம் வாங்குவோம், ஆளுக்குப் பாதி. மறுபடியும் ஆஸ்பத்திரி வாசலில் உங்களுக்காகக் காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை.

ரீனா

சாவி ஜன்னலில் இருக்கிறது.

கடலையைக் கறுப்பனுக்குப் போடாதீர்கள். தின்ன மாட்டான். என் பங்கைப் போட்டுப் பார்த்துவிட்டேன்.